பிசிறு

முன்பல் இரண்டுக்கும் நடுவே
ஊசிமுனை அகலத்தில் எனக்கு ஒரு பள்ளம் இருந்தது.
பிடுங்குவதற்கு முந்தி டாக்டரம்மா விளக்கைச் சாய்த்துப் பார்த்து
என்ன வேலைங்க செய்யறீங்க என்றாள்.
பனியன் கம்பெனிங்க, செக்கிங்.
இருபத்தாறு வருஷம் நூல் கடித்த பள்ளம் அது.
டிரிம்மர் தருவார்கள், இல்லையென்று சொல்லவில்லை.
பீஸ் ரேட்டில் அதை எடுக்கவும் வைக்கவும் நேரம் ஏது?
பல்லென்றால் துணி தானாக மேலே வரும்.
நறுக்.
உதட்டில் ஒட்டும் பிசிறைத் துப்பிவிட்டு
அடுத்த பீஸ்.

சர்க்கரை வந்து ஈறு தளர்ந்து
தைக்கு முன்னால் மேல்வரிசை,
மாசி கழிந்து கீழ்வரிசை.
சந்தவையும் தேங்காய்ப்பாலும்,
அரிசியும்பருப்பைக் குழைய விட்டு இன்னொரு மாசம்.
சேவூர் நோம்பிக்குப் போகவில்லை.
அவளுக்கு மேலுக்குச் சுகமில்லை என்று
எங்க ஊட்டுக்காரர் ஒறம்பரைக்கெல்லாம் போன் போட்டார்.
பல் போனதை
யாரிடம் எப்படிச் சொல்வது?

சீட்டு எடுத்த பணத்தில் பல் வந்தது,
நீல டப்பாவுக்குள், ரோஸ் நிற ஈறோடு,
எனக்கு முன்னாலேயே சிரித்துக்கொண்டு.
வாய்க்குள் யாரோ தட்டுமுட்டுச் சாமானோடு
குடிவந்த மாதிரி இருந்தது.
நாக்கு, வீட்டுக்காரியான நாக்கு,
நிற்க இடமில்லாமல் ஓரமாய் ஒதுங்கியது.

சத்தமாகப் படியுங்கள், பழகிவிடும் என்றாள் டாக்டரம்மா.
வீட்டில் என்ன இருக்கிறது படிக்க?
கேஸ் புத்தகமும் ரேஷன் கார்டும்.
பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் போய் போர்டு படித்தேன்.
பல்லடம்.
பேரிலேயே பல் இருக்கிற ஊர், வந்துவிட்டது.
காங்கேயம் சுலபம்.
ஊத்துக்குளிக்கு எச்சில் தெறித்தது,
முன்னால் நின்றவர் வானத்தைப் பார்த்தார்.
சேவூர் மட்டும் வரவே இல்லை.
சேவூர் என்றால் விசில்தான்.
இன்னொரு முறை, கொஞ்சம் அழுத்தி.
நின்றிருந்த டவுன் பஸ்ஸை டிரைவர் எடுத்துவிட்டார்.
டீக்கடையிலிருந்து கண்டக்டர் ஓடினார் பின்னாலேயே.
யாரைத் திட்டினார் என்று
நான் நின்று கேட்கவில்லை.
பிறந்த ஊர் பேர் அது.

திங்கட்கிழமை வேலைக்குப் போனேன்.
பாபா சூட், மஞ்சள் துணி, நெஞ்சில் வாத்துப் படம்,
கழுத்தோரம் ஒரு நூல் தொங்குகிறது.
கை சொன்னால் கேட்குமா?
கடித்தேன்.
நூல் அறவில்லை. மேல் தட்டுத்தான் கழன்று
வாத்தின் மேல் விழுந்தது.
பதினாலு பேர் மேஜை.
எதிரே நின்ற ஒடிசாக்காரி மினதி
வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.
சிரித்தபடியே துப்பட்டாவில் எடுத்துத் துடைத்து
பொத்தான் கழன்று விழுந்ததைத் தருகிற மாதிரி நீட்டினாள்.
“துளசி அக்கா, இதுக்குக் கயிறு போடு.”
வாய் பொத்தாமல் நானும் சிரித்தேன்
என்று சொல்ல ஆசைதான்.
பொத்தித்தான் சிரித்தேன்.
வாத்தை ஈரக்கறை என்று எழுதி
ஆல்டரில் போட்டேன்.

ராத்திரி டம்ளர் தண்ணீரில் அதை நான் போடும்போது
முதலில் எல்லாம் இவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுப்பார்.
மரியாதைக்கா, பயத்துக்கா, கேட்டதில்லை.
இப்போது டம்ளரை இவரே கொண்டுவந்து வைக்கிறார்,
தளும்பத் தளும்ப ஊற்றி.
காலையில் ஸ்டூல் நனைந்து கிடக்கிறது.

ஈறு புண்ணைக் காட்டப் போனபோது
டாக்டரம்மாவைக் கேட்டேன்,
முன்பல்லில் ஒரு பள்ளம் போட்டுத் தர முடியுமா,
ஊசிமுனை அகலத்துக்கு.
கேலி என்று நினைத்துச் சிரித்தாள்.
நல்ல வரிசை அவளுக்கு. சொந்தப் பல்.

நேற்று குழாயடியில் பிரஷ் போட்டுக் கழுவுகிறேன்,
பல்லுக்கும் பொய் ஈறுக்கும் இடுக்கில்
நீல நூல் ஒன்று. அரை அங்குலம் இருக்கும்.
எப்போது கடித்தேன் என்றே தெரியவில்லை.
இழுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.
முனை
சுத்தமாகத்தான் அறுந்திருந்தது.