ஒரே ஆழத்தில் இரண்டு விடைகள்

சிட்ரா சரக்குக் கிடங்கில் மணி பதினொன்று நாற்பது.
ஷார்ஜா விமானத்துக்கு இன்னும் மூன்றரை மணி நேரம்.
தராசு சொல்லச் சொல்லத் தட்டுகிறேன்:
திருப்பூர் பனியன், நாற்பத்தோரு அட்டைப்பெட்டி.
ஊட்டி கேரட், ஈரச் சாக்கில்.
உடுமலைக் கோழிக்குஞ்சு, துளையிட்ட கூடைகளில்,
கீச்சென்றபடி.
கணபதிப் பட்டறை மோட்டார் ஒன்று,
மரச்சட்டத்துக்குள், இருநூற்றுப் பதினாறு கிலோ.
சத்தியமங்கலம் மல்லிகை, பன்னிரண்டு தெர்மாகோல் பெட்டி,
பனிக்கட்டியோடு இருநூற்றுப் பத்து.

முன்னறை கனத்தால் மூக்குத் தாழும்.
பின்னறை கனத்தால் வால் தொங்கும்.
எழுபது பொருளையும் ஏற்றவா வேண்டாமா
என்று மட்டும் கேட்டாலே போதும்,
அந்த வழிகளை எண்ண நொய்யல் மணல் காணாது.
நொய்யலில் இப்போது மணலும் இல்லை.

அதனால் கடல் தாண்டி ஒரு இயந்திரத்திடம் கேட்கிறேன்.
குளிரின் கடைசிப் படிக்கட்டில் இருக்கிறதாம்.
நான் பார்த்ததில்லை.
அங்கே ஒவ்வொரு பெட்டியும்
ஏறியதாகவும் ஏறாததாகவும் சற்று நேரம் இருக்கும்,
பிறகு எல்லாம் சேர்ந்து
பள்ளம் பார்த்து உட்காரும்.

ஃபோர்க்லிஃப்டை அணைக்காமலே சென்னியப்பன் கேட்டார்:
"நடுவுல மேடு வந்தா ஏறித்தானுங்க எறங்கோணும்?"
"ஆடிக்காத்து மலையேறியா வருது?" என்றேன்.
வேலந்தாவளத்துக்காரர்.
கணவாய்க் காற்றில் தகரக்கூரை பறந்ததைப் பார்த்தவர்.
"அட, சந்துல பூந்து வந்துருதாக்கும்"
என்றபடி அடுத்த பலகையைத் தூக்கப் போனார்.
உவமை முழுக்கச் சரியில்லை.
காற்றுக்குக் கணவாய் இருக்கிறது,
இதுவோ இல்லாத கணவாயில் நுழைகிறது.
திருத்த நேரமில்லை.

விதிகளைத் தண்டமாக எழுதுவோம்.
கனம் மீறினால் தண்டம்.
குஞ்சுக்குப் பக்கத்தில் உலர்பனி வைத்தால் தண்டம்.
தாமதத்துக்கும் தண்டம், ரூபாயில்.
எல்லாம் கூட்டி எங்கே மிகக் குறைவோ அதுவே விடை.

பன்னிரண்டு பத்துக்கு ஆயிரம் விடைகள் வந்தன.
தலையில் இரண்டு.
கடைசிப் புள்ளிவரை ஒரே ஆழம்.
ஒன்றில் மல்லிகை நிற்கிறது.
ஒன்றில் மோட்டார்.

திரும்ப அனுப்பினேன்.
திரும்பவும் இரண்டு.

மரச்சட்டத்தில் ஏற்கெனவே இரண்டு சிவப்புச் சீட்டு.
புதன் நின்றது. வியாழன் நின்றது.
பூ தாங்காது, இரும்பு தாங்கும்:
கிடங்கில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு.
இரண்டு இரவும் அதைப் போட்டது இயந்திரமில்லை, நான்தான்.
பட்டறை வசந்தாமணி மூன்று தடவை கூப்பிட்டுவிட்டார்.
வட்டி பற்றி ஒரு வார்த்தை இல்லை.
"எப்பங்க போகும்?" அவ்வளவுதான்.
நின்று நின்று பழகிய பொருளுக்கென்று
ஒரு மாறியும் நான் வைத்திருக்கவில்லை.

மோட்டாரை ஏற்றச் சொன்னேன்.

மூன்று பதினைந்துக்கு விமானம் ஓடித் தூக்கியது.
எடைத்தாளில் என் கையெழுத்து,
ஈர்ப்பு மையம் கோட்டுக்குள், அழகாக.

நான்கு மணி சுமாருக்குப் பனிக்கட்டி கரைந்து
முதல் பெட்டியின் ஒட்டுநாடா விட்டது.
ஷார்ஜாவுக்கென்று பறித்த மொட்டு
சிட்ராவில் விரிய ஆரம்பித்தது.
ஒன்று, பிறகு எத்தனை என்று தெரியவில்லை.
டீசல் வாடை போன இடம் காணோம்.
மோப்ப நாயோடு வந்த காவலர் வாசலிலேயே நின்றார்.
நாய் தும்மியது.
சென்னியப்பன் கையுறையைக் கழற்றினார்,
எதற்கென்று அவருக்கே தெரியாமல்,
மறுபடி மாட்டிக்கொண்டார்.

அடுத்த ஓட்டத்துக்கு ஒரு வரி சேர்க்க வேண்டும்:
நின்ற இரவுகள், அவற்றின் வர்க்கம்.
பூவுக்கு என்ன எழுதுவது?

புளியம்பட்டி வியாபாரியின் எண் திரையில் ஒளிர்கிறது.
ஐந்தாவது மணியில் எடுத்தேன்.
"பூ ஏறிருச்சுங்களா?"
"ஏறலீங்க."
அவர் பேசவில்லை.
பின்னால், சந்தையில், யாரோ
அன்றைய பூவை எடை போட்டு
சத்தமாக எண் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.