தடுப்பு போல்ட்

கேட் சாயும்போது சத்தமே வரவில்லை.
பிறகு வந்தது,
அது பிள்ளையுடையது.

அழகாபுரத்தில் எங்கள் வீட்டுத் தள்ளு கேட்,
இருநூறு கிலோ.
தண்டவாள முனையில் நிற்க வேண்டிய போல்ட்
பங்குனியிலேயே கழன்றது.
செவ்வாய்ப்பேட்டைக் கடையில் விலை விசாரித்தேன்:
நூற்றி நாற்பது.
வெல்டர் ஞாயிறு வருகிறேன் என்றான்.
எந்த ஞாயிறு என்று நான் கேட்கவில்லை.

பந்து எடுக்க வந்தவன் நிகிலன்,
எதிர்வீட்டுச் செங்கோடன் மகன், ஆறு வயது.
"கூப்பிடாமல் வந்த பிள்ளை" என்று
வக்கீல் குறித்துக்கொண்டார்.
பந்து யாருடையது என்றார்.
என் மகளுடையது.
அதை அவர் எழுதவில்லை.

"ஆஸ்பத்திரிப் பக்கம் போயிடாதீங்க.
போனா ஒத்துக்கிட்ட மாதிரி.
பழம் வாங்கிட்டுப் போனா
அந்தப் பழமும் சாட்சி."

நாலு நாள்
ஏற்காட்டு மலையில் மழை இறங்குவதைச்
சாத்திய ஜன்னல் வழியே பார்த்திருந்தேன்.
எதிர்வீட்டில் விளக்கு எரியவில்லை.
கொடியில் அவனுடைய பள்ளிக்கூடச் சட்டை
நனைந்து, காய்ந்து,
எடுக்க ஆளில்லாமல் மறுபடி நனைந்து.

ஐந்தாம் நாள்
ஒரு கிலோ சாத்துக்குடியோடு போனேன்.
கட்டில் எண் பதினேழு.
மாவுக்கட்டின் மேல் யாரோ
நீலப் பேனாவில் கார் வரைந்திருந்தார்கள்.
செங்கோடன் எழுந்திருக்கவில்லை.

"போல்ட் இல்லன்னு உங்களுக்குத் தெரியுமா?"

சொல்லிக் கொடுத்த பதில்
சட்டைப்பையில் மடித்து இருந்தது.

தெரியும் என்றேன்.

அவர் மகனின் காலைப் பார்த்தார்.
நானும் பார்த்தேன்.
கட்டுக்கு வெளியே ஐந்து விரல்கள்.
அசைக்கச் சொன்னார்.
மூன்று அசைந்தன.