கேட்டது

ஆடிக் காற்று ஆரல்வாய்மொழிக் கணவாயில்
யாரையும் கேட்காமல் நுழையும்.
மைதானத்துக்கு அந்தப்பக்கம் காற்றாலைகள்
யாரோ சண்டைக்குக் கூப்பிட்டதுபோல்
கை சுழற்றிக்கொண்டிருந்தன.

அன்றைக்கு எனக்கு வேலை
ஈட்டி விழுந்த இடத்தில் இரும்பு முளை குத்துவது.
முந்நூறு ரூபாய், ஒரு தயிர்ச்சோற்றுப் பொட்டலம்.
ராத்திரி சுசீந்திரத்தில் கச்சேரி.
மோர்சிங் சட்டைப்பையில் கிடந்தது.

ஈட்டிக்கு எதிரே நிற்பவன் கண்ணை நம்புவான்.
நான் காதை.
வால் உதறினால் ஈட்டி முனகும்,
மெழுகு கூடிப்போன இரும்பு நாக்குபோல
சுருதிக்குக் கீழே, கரகரவென்று.
அது முப்பது மீட்டர் தாண்டாது.
பாதி வானத்தில் அது இருக்கும்போதே
முளையோடு நடக்கத் தொடங்கிவிடுவேன்.
ஏசுவடியான் சார் முறைப்பார்:
"எடே தாணு, விழட்டும் முதல்ல."

ஐந்தாவது சுற்று முடிந்ததும்
கடியப்பட்டணம் டெல்பின் என்னிடம் வந்தாள்.
முட்டத்துத் திருவிழாவில் நான் வாசித்ததைப் பார்த்தவளாம்.
உள்ளங்கையைக் காட்டினாள், வேர்வை.
"அண்ணே, அதுல ஒட்டுவியளே, அந்த மெழுகு இருக்கா?"
மார்த்தாண்டத்துத் தேன்மெழுகு.
தனி உருண்டை கொண்டுவரவில்லை.
நாக்கிலிருந்தே சுரண்டி
குன்றிமணி அளவு கொடுத்தேன்.

ஆறாவது.
ஓடி வந்தாள். உடம்பைத் திருப்பிக்கொண்டு
குறுக்கடி மூன்று, இடதுகால் ஊன்றல்.
அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை.

ஒன்றும் என்றால் ஒன்றும்.
காற்றாலை இரைந்தது, கடலைக்காரன் கூவினான்,
நடுவே ஈட்டி நீளத்துக்கு ஒரு மௌனம்
என்னைப் பார்த்து வந்துகொண்டிருந்தது.
பதினாறு வருஷமாய் வாசிக்கிறேன்,
இரும்பை இப்படி வாயடைக்க எனக்குத் தெரியாது.
தலைக்கு மேலே அது போனபோது
புழுதி கண்ணில் அடித்தது.

டிக்.
பிறகு
தொப்.

முனை, பிறகு உடம்பு.
சரல் மண். குத்தி நிற்காமல்
வழுக்கிப் படுத்துவிட்டது.

சார் இரண்டு கொடியையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்தார்.
"முனையா, வயிறா?"
"முனைதான் சார். கேட்டேன்."
"கேட்டது கெடக்கட்டு. கண்டியா?"

கச்சேரியில் ஒரு தட்டு தவறினால்
அடுத்த ஆவர்த்தனத்தில் சமாளித்துவிடலாம்.
டெல்பின் எல்லைக்கோட்டுக்குப் பின்னால்
இடுப்பில் கை வைத்து நின்றாள்.
கண்ணைக் கசக்கினேன். மணல் போகவில்லை.

"காணல சார்."

சிவப்பு.

எல்லாரும் பந்தலுக்குப் போனபிறகு
அந்தக் கீறலைத் தேடினேன்.
விரற்கடை நீளம், எறும்பு ஒன்று அதற்குள் இறங்கிக்கொண்டிருந்தது.
முதலாவது வந்த தோவாளைப் பெண்ணின் முளையிலிருந்து
அடி வைத்து அளந்தேன்.
ஒன்று. இரண்டு. மூன்று.
"நாலு," என்றாள் பின்னாலிருந்து.

"காணலன்னு எதுக்குச் சொன்னிய?"
"காணல."
கொஞ்ச நேரம் தரையையே பார்த்தாள்.
"கேட்டது எப்பிடி இருந்துச்சு?"

மோர்சிங்கைப் பல்லிடுக்கில் வைத்தேன்.
மீட்டாமல் மூச்சை மட்டும் உள்ளே இழுத்தேன், நீளமாக,
இழுத்துக்கொண்டே இருந்தேன்.
பிறகு நக நுனியால் ஒன்று.
பிறகு அடித்தொண்டையிலிருந்து ஒன்று.

"இன்னொருக்கா."
வாசித்தேன்.
"கூட்டிச் சொல்லுதிய அண்ணே.
இவ்வளவு நேரமெல்லாம் அது பறக்கல."

வாங்கி அவளே வாயில் வைத்துத் தட்டினாள்.
இரும்பு முன்பல்லில் பட்டது.
"சவம், கடிக்குது," என்று துப்பிவிட்டு
தோள்பையை மாட்டிக்கொண்டு போனாள்.
பை ஈட்டியைவிடக் குட்டை;
பின்னால் முனை ஆடியபடியே போனது.

ராத்திரி சுசீந்திரத்தில் தனி தொடங்கியதும்
மிருதங்கக்காரர் என் பக்கம் திரும்பினார்,
அப்புறம் மறுபடியும் திரும்பினார்.
சுருதி ஓர் இழை மேலே நிற்கிறதாம்.
கேட்டதைச் சொல்கிறார், சரி.
கண்டாரா?