ஓடும் நீர்

மாவட்டத்திலிருந்து வந்த தாளில் ஒரே வாக்கியம்:
'நாய் கடித்த இடத்தை ஓடும் நீரில்
சோப்பு போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவவும்.'
எழுத்துப் பிழை இல்லை. முத்திரை இருந்தது.
நானே படித்துப் பதிவு செய்தேன்.
கஃபூரின் ஆட்டோ அதைத் தூக்கிக்கொண்டு
பொதட்டூர்பேட்டையில் தெருத்தெருவாய்ப் போனது.

விசைத்தறி ஓடும் தெருவில்
பாதிச் சொல்லை நாடா அடித்துக்கொண்டு போய்விடும்.
'மிளகாய்ப்பொடி வைக்காதீங்க' என்று கிளம்பிய என் குரல்
நாலாவது வீட்டில்
'மிளகாய்ப்பொடி வை' என்று இறங்கியிருக்கிறது.
பொடி வைத்துக் கட்டிய கையோடு வந்தவள்
என்னையே சாட்சிக்கு இழுத்தாள்:
'மைக்குல நீதானம்மா சொன்னே?'

தமிழில் மறுப்பு வினையின் வாலில் தொங்குகிறது.
தெலுங்கிலும் அப்படித்தான்.
தறிச் சத்தம் வாலைத்தான் முதலில் தின்கிறது.
அடுத்த வாரத்திலிருந்து
'கூடாது, கூடாது' என்று ஆரம்பித்தேன்.

அப்புறம் முனெய்யா.

மகன் யோகியின் கெண்டைக்காலில் நாலு பல்.
நான் சொன்னதை முழுதாய்க் கேட்டவர்
அந்தத் தெருவில் அவர் ஒருவர்தான்,
அன்று அவர் தறிக்கு நூல் வரவில்லை.
வீட்டில் இரண்டு குடம் தண்ணீர் இருந்தது.
குடத்துத் தண்ணீர் ஓடாதே.
பையனை டிவிஎஸ்ஸில் முன்னால் உட்காரவைத்து
ஓடும் நீரைத் தேடிப் புறப்பட்டார்.
கொசஸ்தலை மணலாய்க் கிடந்தது.
நகரி வரை போனார்,
எல்லைக்கு அந்தப் பக்கமும் அதே மே மாதம்.
ஒரு மாந்தோப்பு பம்புசெட்டில்
கரண்ட் வரக் காத்திருந்து,
வந்ததும் சட்டைப் பையிலிருந்து சோப்பை எடுத்து,
செல்போனில் மணி பார்த்து,
சரியாகப் பதினைந்து நிமிடம்.

கடித்ததற்கும் கழுவியதற்கும் நடுவே மூன்றரை மணி நேரம்.

'செப்பினட்டே சேசானு மேடம்,' என்றார்.
ஆமாம், சொன்னபடியேதான் செய்திருந்தார்.
கேட்காதவனைத் திட்டலாம்.
கேட்டவனை என்ன செய்வது?

காயத்தைச் சுற்றி ஓர் ஊசி, பிறகு நாலு தவணை.
ஒவ்வொரு தவணைக்கும்
யோகியிடம் ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டினேன்.
'தாகம் இல்ல மேடம்' என்றான் ஒருநாள்.
எனக்கு வயிறு கலங்கியது.
பிறகு சாவகாசமாய்க் குடித்தான்,
பாதியை என் புடவையில் சிந்தி.

டீக்கடையில் கஃபூரோடு உட்கார்ந்து
'ஓடும்' என்பதை அடித்தேன்.
'வீட்ல இருக்கிற தண்ணி. குடமோ, பக்கெட்டோ.
சொம்புல மொண்டு மொண்டு ஊத்திக்கிட்டே இருங்க.'
எவ்வளவு நேரம்?
'மூணு தார் தீர்ற வரைக்கும்' என்றான் கஃபூர்.
மெல்லிசு நூலா, தடிச்ச நூலா என்று
தறிக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள்.
வரட்டும். சண்டை போட
முழுசாய்க் காதில் விழுந்திருக்க வேண்டும்.

'ஓடும் நீர் எங்கேம்மா?' என்று கேட்டார் மேலதிகாரி.
'சொம்பிலிருந்து விழும்போது ஓடுது சார்.'
கொஞ்ச நேரம் பேனாவைத் திருகிவிட்டு
கையெழுத்துப் போட்டார்.

இப்போது மின்தடை அட்டவணை என் மேசையில் இருக்கிறது.
பதினோரு மணிக்கு மொத்தத் தெருவும் ஒரே நொடியில் வாயடைக்கும்.
பனியனில் ஒட்டிய பஞ்சைத் தட்டிக்கொண்டு
ஆட்கள் வாசலுக்கு வருவார்கள்.
ஆட்டோ பேட்டரிக்கு மின்தடை கிடையாது.
முதலில் தெலுங்கு, பிறகு தமிழ்,
இரண்டிலும் 'கூடாது' முன்னால்.

நேற்று முனெய்யா கடைசிவரை நின்று கேட்டார்.
ஆட்டோ நகரும்போது கையைக் காட்டி நிறுத்தினார்.
'மேடம், மழை பெய்ஞ்சு ஆத்துல தண்ணி ஓடுதுன்னு வைங்க,
அப்ப ஆத்துலயா, சொம்புலயா?'

கஃபூர் சிரித்தான்.
நான் தாளை மறுபடி விரித்தேன்.