தள்ளு

கூட்ட அறையின் கண்ணாடிக் கதவில்
தோலாக் என்று ஒட்டியிருக்கிறது.
தள்ளு என்று பொருள்.
தள்ளி உள்ளே போய் உட்கார்ந்து
மூன்று மணி நேரம்
அதே சொல்லைத்தான் தட்டச்சு செய்கிறேன்.
அங்கே அதற்குத் தள்ளுபடி என்று பொருள்.

இன்று இருபத்தாறு விண்ணப்பங்கள்.
ஒன்றுக்கு ஆறு நிமிடம்,
நாசி லெமாக் வந்துவிட்டால் நான்கு.
முதல் பத்தும் பதினாறு மாடி, இருபது மாடி.
வரைபடத்தை உருட்டிக்கொண்டு வந்தவர்கள்
விரித்துக் காட்டிவிட்டு
உருட்டிக்கொண்டு போனார்கள்.
நிபந்தனையுடன் அனுமதி.
நிபந்தனையுடன் அனுமதி.
அந்த இரண்டு சொல்லுக்கென்றே
விசைப்பலகையில் ஒரு குறுக்குவழி வைத்திருக்கிறேன்.

பதினொன்று.
சுங்கை பாக்காப், பழைய கடைவீடு.
மேல்மாடியை உழவாரக் குருவிகள்
கூடு கட்டும் இடமாக மாற்ற வேண்டும்.
விண்ணப்பதாரர் கூ சியோக் லெங்,
கீழே சைக்கிள் கடை.
ஆட்சேபம்: ஒன்று.

அதை வாசிப்பது என் வேலை.
தமிழில் எழுதி, அடியில் யாரையோ பிடித்து
மலாயில் பெயர்த்திருந்தது.
மலாயை உரக்க வாசித்தேன்,
தமிழை எனக்குள்.
'அடுத்த வீட்டு அமிர்தவல்லி எழுதுவது.
எனக்குக் குருவிமேல் கோபம் இல்லை.
ஆஸ்பத்திரியில் இரவு வேலை.
காலை ஒன்பதுக்குப் படுத்தால்
கூரையில் ஸ்பீக்கர் குருவி கத்துகிறது.
உயிருள்ளது என்றால் எப்போதாவது களைக்கும்.'

யாரோ சிரித்தார்கள்.
தலைவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.
'இப்போதே குருவிகள் இருக்கின்றனவா?'
இடத்தைப் பார்த்து வந்த ஷுக்ரி எழுந்தார்.
'இருக்கு துவான். உடைந்த ஜன்னல் வழியாக.
எண்ண முடியவில்லை.'
'அனுமதி கிடைக்கும் முன்பேயா?'
'அவை விண்ணப்பிக்கவில்லை, துவான்.'

கூ இரண்டு கைகளையும் மேசையில் வைத்தார்.
நகத்துக்குள் சங்கிலி எண்ணெய்.
'ஒரு சைக்கிள் விற்றால் எண்பது வெள்ளி.
ஒரு கிலோ கூடு...'
விலையைச் சொல்லாமல் நிறுத்திக்கொண்டார்,
சொன்னால் வரி வருமோ என்று.

ஆறு நிமிடம் பதினாலாகி விட்டது.
தள்ளிவைக்கலாம் என்றார் ஒருவர்.
இரண்டு முறை தள்ளிவைத்தாயிற்று என்றேன்,
என்னை யாரும் கேட்காமலே.
பிறகு முடிவு: தள்ளுபடி.
ஸ்பீக்கரைப் பதினாலு நாளில் இறக்க வேண்டும்.
'குருவிகளை?' என்றார் ஷுக்ரி.
'அதைப் பற்றி எதுவும் எழுத வேண்டாம்.'
எழுதவில்லை.

பன்னிரண்டு:
அனுமதியின்றி நீட்டிய சமையலறை, சிம்பாங் அம்பாட்.
இடிக்க உத்தரவு.
இங்கேதான் எனக்கு எழுத்துப்பிழை வரும்.

நிபோங் திபாலில் எங்கள் பின்சுவரை
நாலடி தள்ளிக் கட்டினோம்,
மனைவிக்கு நாள் தள்ளிப்போன அதே மாதம்.
இரண்டு ஞாயிற்றுக்கிழமை வேலை,
மூவாயிரத்து இருநூறு வெள்ளி.
எல்லாரும் செய்றாங்க சார் என்றார் கொத்தனார்.
எல்லாரும் யாரென்று எனக்குத் தெரியும்.
கோப்பு எண்கூடத் தெரியும்.

மாலையில் சுங்கை பாக்காப் வழியாக வந்தேன்.
வேறு வழியும் உண்டு.
ஸ்பீக்கர் இன்னும் கத்திக்கொண்டிருந்தது.
கம்பிமேல் வெளிச்சம் போன நேரம்,
குருவிகள் அந்த ஜன்னலுக்குள்
ஊற்றியதுபோல் இறங்கின.
கீழே கூ ஒரு பிள்ளையின் சைக்கிளுக்குக்
காற்றடித்துக்கொண்டிருந்தார்.
வெள்ளைச் சீருடையில் கேட்டைப் பூட்டிய அம்மாள்
என் கழுத்திலிருந்த மன்ற அட்டையைப் பார்த்துவிட்டார்.
'முடிவு வந்துடுச்சாங்க?'
'கடிதம் வரும்' என்றேன்.
சொல்ல அனுமதி உள்ளது அவ்வளவே.
அவர் மேலே பார்த்தார், கொஞ்ச நேரம்.
பிறகு பேருந்துக்கு ஓடினார்.

வீட்டுக்கு வரும்போது மழை.
பின்பக்கம் போனேன்.
புதுச்சுவரில் பதித்த கதவு
ஈரத்தில் ஊதி இறுகியிருந்தது.
தோளை வைத்தேன். அசையவில்லை.
உள்ளே குக்கர் சத்தம், பிள்ளை சத்தம்,
அதற்கு மேலே அவள் குரல்:
நல்லாத் தள்ளுங்க.