நாலு மூணானது

கரண்ட் போனபோது ரெஜினா
ரெட்டுக்குக் குறி வைத்திருந்தாள்.
கத்திவாக்கத்தில் எங்கள் தெரு
ஒரே குரலில் "ஓ"வென்று கத்தி ஓய்ந்தது.

கழிமுகத்துக்கு அந்தப் பக்கம்
அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள்
உச்சியில் சிவப்பு விளக்கைச் சிமிட்டிக்கொண்டு நின்றன.
"கரண்ட் காய்ச்சுற ஊர்ல கரண்ட் இல்ல"
என்றான் தேசிங்கு.
ஒவ்வொரு தடவையும் சொல்வான்.
ஒவ்வொரு தடவையும் சிரிப்போம்.

அம்மாவின் பழைய போனில் நாலு சதவீதம்.
டார்ச்சைப் போட்டு
கேரம் போர்டின் மூலையில் சாய்த்து வைத்தேன்.
மறுநாள் ஏழாம் வகுப்புக்கு அறிவியல் பரீட்சை.
ஆற்றலை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது,
ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றாக மாற்றலாம்,
அவ்வளவுதான்.
இது மனப்பாடம்.
அடுத்த பக்கத்திலேயே ஒரு குண்டு பல்பு
ஆற்றலைச் சேமிப்போம் என்று பல்லைக் காட்டுகிறது.

"அழியாதுன்னா
இன்னாத்துக்குச் சேத்து வைக்கணும்?"
என்று கேட்டேன்.
"அழியாதுன்னா
நாலு ஏன் மூணாச்சு?"
என்றான் தேசிங்கு, போனைப் பார்த்தபடி.

ரெஜினா சுண்டினாள்.
டக்.

மத்தியானம் அவள் தின்ற சத்துணவு முட்டை,
அந்த முட்டைக்காகக் கோழி கொத்திய சோளம்,
சோளம் குடித்த வெயில்,
எல்லாம் அவள் நகக்கண்ணில் ஒரு நொடி நின்று
ஸ்ட்ரைக்கருக்குத் தாவி
ரெட்டுக்குத் தாவி
வலைக்குள் விழுந்து
சத்தமாகி
சுவரைத் தாண்டிப் போய்விட்டது.

ஸ்ட்ரைக்கர் மட்டும்
பவுடரைத் தேய்த்தபடி நடுவில் நின்றது.
அதன் ஓட்டம் எங்கே?
பலகையைத் தொட்டுப் பார்த்தேன்.
சூடாகத்தான் ஆகியிருக்கும்,
என் விரலுக்குத் தெரியாத அளவுக்கு.
என் விரல் அதைவிடச் சூடு.

அந்தத் துளிச் சூட்டையும்
ஓடிப்போன "டக்"கையும்
பொறுக்கிக் கொண்டுவந்து
இன்னொரு காயைச் சுண்ட முடியுமா?

மீன் பெட்டியிலிருந்து ஐஸ் உருகி
மண்ணில் வழிவதைப் பார்த்திருக்கிறேன்.
தண்ணீர் ஒரு சொட்டும் அழியவில்லை.
ஆனால் வஞ்சிரத்துக்கு
இனி அது உதவாது.

தேசிங்கின் அப்பா இறாலுக்கு இறங்குகிற இடத்தில்
சில நாள் ஆறு வெதுவெதுப்பாக இருக்குமாம்.
அதுவும் கரண்டாக ஆகியிருக்க வேண்டியது,
ஆகாமல் ஆற்றில் கலந்தது.
எத்தனையோ கோடி வருஷத்து வெயில்
கரியாகிக் கப்பலேறி வந்து
ஒரே ராத்திரியில் டியூப்லைட்டாகிறது.
மிச்சம் சாம்பல்.
எங்கள் வெள்ளை யூனிஃபார்ம்
கொடியில் காயும்போதே
கொஞ்சம் பழசாகிவிடும்.

"ஃபாலோ போடுறேன், வெளிச்சத்த அசைக்காத"
என்றாள் ரெஜினா.
ஒன்று.
அதற்குப் பிறகு போன் கருப்பாகிவிட்டது.
இருட்டில் டக் கேட்டது.
ஏதோ உருண்டது.
ஏதோ விழுந்தது, அல்லது விழவில்லை.

ஒன்பது மணிக்கு கரண்ட் வந்தது.
தெரு மறுபடி கத்தியது.
மன்றத்துக்குள் ஆளில்லாத அறையில்
ஃபேன் தானாகச் சுழல ஆரம்பித்தது.
நாலு பிளாஸ்டிக் நாற்காலிகளுக்குக் காற்று.
"ஆறு சுடுதுடா"
என்று தனக்குள் முனகிக்கொண்டே
தேசிங்கு உள்ளே ஓடி அணைத்துவிட்டு வந்தான்.
யாரும் அவனைப் போகச் சொல்லவில்லை.

பரீட்சையில் அந்த வரியை அப்படியே எழுதினேன்.
கீழே இடம் இருந்தது.
ஆற்றல் அழியாது, ஆனால் தொலையும்
என்று சேர்த்தேன்.
"தொலையும்" என்பதன் அடியில்
டீச்சர் சிவப்புக் கோடு போட்டிருந்தார்.
மார்க்கைக் குறைக்கவில்லை.

ரெட்டுக்கு ஃபாலோ விழுந்ததா இல்லையா என்று
எங்களுக்குள் இன்னும் சண்டை.