பதினான்காம் பக்கம்

ஓடுவதை வரைவது எளிது.
குதிகாலுக்குப் பின்னால் நாலு கோடு,
கொஞ்சம் புழுதி, கழன்று பறக்கும் தொப்பி.
கதவை அறைந்து சாத்தினால்
நிலையோரம் இரண்டு கீற்று.
அடி வாங்கியவன் தலைக்கு மேல் நட்சத்திரம்.
பதினெட்டு வருஷமாய் இதுதான் என் பிழைப்பு.

பதினான்காம் பக்கத்தில் மாட்டிக்கொண்டேன்.

ஓஸ்டெண்டு மீன்துறை. பிப்ரவரி. காலை ஆறரை.
ஒருத்தி இறால் உரிக்கிறாள்.
வடகடலின் சாம்பல் இறால்,
சுண்டுவிரல் நீளம்கூட இல்லாதது.
நடுவில் பிடித்து ஒரு திருகு,
ஓடு நெகிழும்,
ஓர் இழுப்பு.
சதை கிண்ணத்தில், ஓடு வாளியில்.
கதையில் அவளுக்குப் பெயர் கிடையாது.
கைகள் வென்டெலினுடையவை:
துறையில் மூன்றாவது கடை,
கேட்டுத்தான் கடன் வாங்கினேன்.

அப்போது அவள் தம்பி உள்ளே வருகிறான்.
கையுறையைக் கழற்றாமலே சொல்கிறான்:
"படகை வித்துட்டேன்."

திருகுக்கும் இழுப்புக்கும் நடுவில்
அவள் விரல்கள் நின்றுவிடுகின்றன.

கதை எழுதிய ஃபெம்கேவுக்கு
இரண்டே சொல்லில் வேலை முடிந்தது:
'கை நிற்கிறது.'
எல்லாமே நின்றிருக்கும் தாளில்
நிற்பதை எப்படி வரைவேன் நான்?

கண்களை விரித்துப் பார்த்தேன்; பேய்க்கதை ஆயிற்று.
நெற்றியில் ஒரு துளி வைத்தேன்.
பிப்ரவரியில் வேர்க்குமா என்றாள் ஃபெம்கே.
மணிக்கட்டைச் சுற்றியிருந்த அசைவுக் கோடுகளை அழித்தேன்.
கோடில்லாத கை
நின்ற கை அல்ல, வெறும் கை.

சவரக் கண்ணாடியை மேசைமேல் சாய்த்துவைத்து
அதன் முன் நானே உரித்தேன்,
கால் கிலோ.
கட்டைவிரல் எங்கே மடங்குகிறது,
நகம் எங்கே வெளுக்கிறது என்று
உரித்து, நிறுத்தி, பார்த்து, துடைத்து, வரைந்து.
சதையெல்லாம் பூனைக்குப் போயிற்று.

மூன்றாம் இரவு
கடைசி டிராம் சன்னலுக்குக் கீழே கடந்தது.
தூரிகை கழுவும் ஜாடியில் வளையம் வளையமாய் நடுக்கம்.
தண்ணீர் நடுங்கியதால்தான் தெரிந்தது,
என் கை சும்மா இருந்தது.

அதே கட்டத்தை இரண்டு முறை வரைந்தேன்.
முதலாவதில் வெளியே கம்பத்தின்மேல் ஒரு கடற்புறா,
அடுத்ததில் கம்பம் மட்டும்.
காப்பியின் ஆவி வேறு பக்கம் சாய்ந்திருக்கிறது.
தம்பியின் பூட்ஸிலிருந்து வழிந்த நீர்
அடுத்த பலகை இடுக்கைத் தொட்டுவிட்டது.
அவளில் மயிரிழை மாறவில்லை.
பாதி நெகிழ்ந்த ஓடு அதே கோணத்தில்.

நடுவில் நாலு மில்லிமீட்டர் வெள்ளை.
அதற்குள் எவ்வளவு நேரம் போயிற்று என்று
நான் குறிக்கவில்லை.
படிக்கிறவர் தன் மூச்சால் அளந்துகொள்ளட்டும்.

ஆண்ட்வெர்ப்பிலிருந்து பதிப்பாளர் போன் செய்தார்:
"ஒரே படத்துக்கு ரெண்டு கூலியா?"
"பறவை எங்க போச்சு, பாருங்க" என்றேன்.
தாள் புரளும் சத்தம்.
அப்புறம் கொஞ்ச நேரம்
போனில் ஒன்றுமே கேட்கவில்லை.

புத்தகம் வந்ததும் துறைக்கு எடுத்துப்போனேன்.
வென்டெலின் கையைத் துடைத்துவிட்டுப்
பதினான்கைப் பிரித்தாள்.
முதல் கட்டம், இரண்டாம் கட்டம்,
மறுபடி முதல் கட்டம்.

"நான் எப்போடா இடதுகைக்காரி ஆனேன்?"

சவரக் கண்ணாடி!
பதினெட்டு வருஷ அனுபவம் காதுவரை சிவந்தது.

அவள் ஓர் இறாலை எடுத்தாள்.
மரமண்டைகளுக்குக் காட்டும் வேகத்தில்,
வலது கையால், ஒரு திருகு.
நிறுத்தினாள்.
ஓடு பாதி நெகிழ்ந்திருந்தது.
அவளுக்குப் பின்னால்
ஒரு கடற்புறா கம்பத்தை விட்டு எழுந்தது.

"பாத்துட்டியா?" என்றாள்.
இன்னும் இல்லை என்று
பொய் சொன்னேன்.